மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

இதை நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஒத்திகைத் தரையில் ஒட்டியிருந்த அந்த டேப் பட்டைகள் வெள்ளை என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன். பெவர்லியைக் கேட்டால் வெளிர்மஞ்சள் என்பாள். நாடகக்காரர்களுக்கு வசனம் மனதில் நிற்கிற அளவுக்கு நடந்தது நிற்பதில்லை. அன்று என்ன பேசினீர்கள் என்று கேட்டால், பேசியிருக்க வேண்டியதைத்தான் ஒவ்வொருவரும் சொல்வார்கள். தெல்மாவிடமும் மற்றவர்களிடமும் வெவ்வேறு சமயங்களில் கேட்டவற்றைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது திங்கட்கிழமை, 1987 நவம்பர் இரண்டாம் தேதி. அதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

தெல்மா கார்சைடுக்கு அப்போது எழுபத்தொரு வயது. ஒத்திகை பத்து மணிக்கு என்றால் ஒன்பது மணிக்கே வந்துவிடுவாள். வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் மலைச்சரிவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சின்ன தேவாலயத்தை, மெதடிஸ்ட் சேப்பலை, 1961இல் வாடகைக்குப் பிடித்து, பத்தொன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடிப்புப் பயிற்சி ஆரம்பித்தவள் அவள். அதற்கு முன்னால் இருபது வருஷம் நடிகை. திங்கள் முதல் சனி வரை ஒரு நாடகம், அடுத்த திங்கள் வேறொரு நாடகம் என்று ஊர் ஊராக நடித்த குழுக்களில் இருந்தவள். இரவில் ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை மனப்பாடம் செய்வார்கள். ஒரு வருஷத்தில் நாற்பத்தி நாலு பாத்திரம் செய்ததாகச் சொல்வாள். அந்த ஞாபகசக்திதான் அவளுடைய ஒரே கர்வம். அழகைப் பற்றியோ குரலைப் பற்றியோ அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

பதினாறு வருஷமாக அவள் மேடை ஏறவில்லை, இயக்கம் மட்டும்தான். இந்த முறை அவளிடம் படித்த ரஸ்ஸல் சக்டன் லண்டனிலிருந்து வந்து ஒரு புது நாடகத்தை இயக்கினான். நெசவாலை முதலாளியின் விதவையாக அவள்தான் நடிக்க வேண்டும் என்று கேட்டான். "நீங்க இல்லேன்னா நாடகமே இல்ல, மிஸ்" என்றான். முப்பத்தெட்டு வயதிலும், பேர் வாங்கிய பிறகும், அவன் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை முதல் காட்சி.

அன்று வந்தவள் வழக்கம்போல ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு ஒத்திகைத் தரையில் நடந்தாள். செட் இன்னும் வராத தரையில் கலர் டேப்தான் வீடு. நீலக் கோடு சுவர், நீலத்தில் இடைவெளி விட்டால் கதவு. ஒவ்வொரு நடிகரும் நிற்கிற இடத்தில் அவரவர் நிறத்தில் சின்னதாக ஒரு பட்டை இருக்கும். தெல்மாவுக்குப் பச்சை. என்னையும் சேர்த்து மொத்தம் ஆறு நடிகர்கள், ஆறு நிறங்கள்.

ஜன்னலோரத்தில் அவளுடைய பச்சைக்குப் பக்கத்தில், ஒரு சாண் உள்ளே தள்ளி, ஒரு வெள்ளைப் பட்டை இருந்தது.

ஆறு பேரில் யாருக்கும் வெள்ளை கிடையாது.

நாற்காலிக்குப் போனாள். அங்கேயும் பச்சைக்குப் பின்னால் ஒரு வெள்ளை. மாடிப்படி அடியிலும் ஒன்று. கடைசிக் காட்சியில் அவள் ஆறு நிமிஷம் தனியாகப் பேசுகிற இடத்தில் வெள்ளை இரண்டு முறை ஒட்டி, ஒன்றைக் கிழித்து, நகர்த்தி ஒட்டியிருந்தது. அவள் வெள்ளையிலிருந்து வெள்ளைக்கு நடந்து பார்த்தாள். அடி சின்ன அடி. திரும்பும்போது இடது கால் முந்துகிறது. முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தாலும் காலை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம் என்று பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வந்தவள் அவள். பந்தயம் கட்டிச் சொல்லியும் காட்டுவாள். இப்போது யாருடைய கால் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி இன்னொரு தடவை நடந்தாள்.

ஒன்பதரைக்குப் பெவர்லி வந்தாள். மேடை நிர்வாகி, இருபத்துமூன்று வயது. பென்சில் சீவுவது முதல் எல்லாவற்றையும் தெல்மாவிடம் கற்றவள். வாசலில் நின்று தரையைப் பார்த்தாள், தெல்மாவின் காலைப் பார்த்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

"என்ன பெவ், நம்ம வீட்டுக்குப் புதுசா யாரோ குடி வந்திருக்காங்க போல?"

"அது... சனிக்கிழமை டான்ஸ் கிளாஸ்காரங்க ஒட்டியிருப்பாங்க, மிஸ்."

"டான்ஸ் கிளாஸ்ல என் நாற்காலில உக்காந்துகிட்டா ஆடுறாங்க?"

பெவர்லி பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டுனது நீதான். ஓரத்தை நகத்தால அழுத்தியிருக்கே. அப்படி ஒட்டக் கத்துக்கொடுத்தது நான். ஏன் கண்ணு பிச்சுப் போடல? பிச்சுப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"ஒருத்தங்க நின்ன இடத்தை நாடகம் முடியற வரைக்கும் அழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே..." என்று ஆரம்பித்த பெவர்லி அழத் தொடங்கிவிட்டாள். உண்மைதான். எடுத்திருக்கலாம் என்றே அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

"வசனப் பிரதியைக் குடு."

"ரஸ்ஸல்கிட்ட கேக்காம..."

"குடு, கண்ணு."

ஒத்திகையில் நடப்பது அத்தனையும் பென்சிலில் ஏறுகிற பிரதி அது. நடிகர் வசனம் மறந்து நின்றால் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போடுவார்கள். தெல்மா முதலில் தேடியது தன் வட்டங்களை அல்ல. மேல் மூலையில் எழுதிய தேதிகளைத்தான். அக்டோபர் 18, ஞாயிறு. அக்டோபர் 25, ஞாயிறு. நவம்பர் 1, ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பா.கி. என்று இரண்டு எழுத்து. முதல் இரண்டிலும் உட்கார்ந்து வாசித்ததோடு சரி, தரையில் இறங்கி நின்றது மூன்றாவதில்தான்.

பாலின் கிராப்ட்ரீ. முதல் பத்தொன்பது பேரில் ஒருத்தி. இப்போது நாற்பத்தைந்து வயது, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இத்தனை வருஷமும் சேப்பலில் உடை தைத்தவள், மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவள், தினமும் சாயங்காலம் தெல்மாவைத் தன் காரில் வீட்டில் கொண்டுபோய் விட்டவள். தெல்மாவின் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது. ஒத்திகை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தெல்மாவின் வீட்டுக்கும் வருவாள். கடந்த மூன்று ஞாயிறும் தன்னால் வர முடியாது, கீத்லியில் அக்காவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். தெல்மா அந்த அக்காவுக்காக ஓட்ஸும் இஞ்சியும் வெல்லப்பாகும் போட்டு பார்க்கின் என்கிற கேக் செய்து தகர டப்பாவில் கொடுத்தனுப்பினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பழசானால்தான் ருசி, நாலு நாள் வைத்திருந்து சாப்பிடச் சொல்லு என்று பக்குவம் வேறு சொல்லி அனுப்பினாள்.

அந்த டப்பா டீ கொதிகலனுக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பெவர்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். தெல்மா ஒன்றும் சொல்லவில்லை. பச்சையில் நின்று பேசினாள். வெள்ளையைப் பார்க்காமலிருக்க முயன்றதால் அதைத் தவிர வேறொன்றும் அவள் கண்ணில் படவில்லை. முதல் அங்கத்திலேயே இரண்டு இடத்தில் பெவர்லி எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

டீ இடைவேளையில் ரஸ்ஸலைப் பழைய போதகர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அவன் கையில் டீக்கோப்பை இருந்தது. கடைசிவரை அதைக் குடிக்கவில்லை.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

அவன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "எல்லாருக்கும்" என்றான்.

"அடப்பாவி."

"மிஸ், போன வியாழக்கிழமை முழு ஒத்திகையில எத்தனை இடத்துல நின்னீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு."

"பதினொண்ணு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ பிள்ளைகள் வியாழக்கிழமை வரும் நவம்பர் ஐந்து வாணவேடிக்கைக்கு இன்றே ஒரு வெடியைக் கொளுத்திப் பார்த்தார்கள்.

"ஒருத்தரைவிட நாடகம் பெருசுன்னு சொல்லிக்கொடுத்தது நீங்க" என்றான் ரஸ்ஸல்.

"ஆமா. அதை மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்னும் சொல்லிக்கொடுத்தேன். அறுபத்தி நாலுல உன்கிட்டேருந்து அந்தப் பாத்திரத்தை எடுத்தப்ப என்ன பண்ணேன்? இதே அறையில, ரெண்டு நாற்காலி போட்டு, உன்னைத் தனியா உக்கார வெச்சு, காரணத்தைச் சொன்னேன். நீ அழுது முடிக்கிற வரைக்கும் கூட உக்காந்திருந்தேன்."

ரஸ்ஸல் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது என்று பிறகு சொன்னாள்.

"தனியா இல்ல, மிஸ். வெளிய, தரைக்கு நடுவுல. இருபத்திரண்டு பேர் சுத்தி நின்னாங்க. எனக்குப் பதினஞ்சு வயசு. 'உன்கிட்ட இதுக்கான உண்மை இல்ல'ன்னு சொன்னீங்க. நாற்காலியெல்லாம் இல்ல. நான் நின்னுகிட்டிருந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணேன், இதை நான் யாருக்கும் பண்ண மாட்டேன்னு."

"பொய்."

"பாலினைக் கேளுங்க. அவ இருந்தா."

"பாலினைக் கேக்கவா! நல்ல ஆளைச் சாட்சிக்குக் கூப்பிடுறே."

ரஸ்ஸல் கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்தான். பிறகு அவன் சொன்னான், "உங்களை அப்படி நிக்க வைக்க எனக்கு மனசு வரல. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும்னு நெனச்சேன். இல்லேன்னா யாராவது ஒருத்தர் தயாரா இருக்கணும்."

"நீ இதுக்கு இரக்கம்னு பேரு வெச்சிருக்கே. எனக்கு அது வேற மாதிரி இருக்கு."

சாயங்காலம் வழக்கம்போல பாலினின் கார் வாசலில் நின்றது. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் தெல்மா ஏறி உட்கார்ந்தாள். மலைச்சரிவு இறங்கி, மூடிக்கிடக்கும் ஆலைகளைத் தாண்டி, கார் பாலத்துக்கு வந்தது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்காவுக்கு இடுப்பு எப்படி இருக்கு?"

பாலின் காரை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கை விடவில்லை.

"பெவ் சொன்னா. மத்தியானமே சொல்லிட்டா."

"நான் கேட்டது இடுப்பைப் பத்தி."

"தெல்மா, ப்ளீஸ்."

"மூணு டப்பா பார்க்கின், பாலின். மூணாவதுக்கு இஞ்சி கம்மியாப் போட்டேன். நோயாளி வயித்துக்கு ஆகாதேன்னு."

பாலின் அழவில்லை. அழுதிருந்தால் தெல்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "முதல் ஞாயித்துக்கிழமை உங்களுக்காகத்தான் போனேன். ரஸ்ஸல் கெஞ்சினான். நீங்க தடுமாறினா நாடகம் நின்னுடக் கூடாதேன்னு போனேன். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை எனக்காகப் போனேன்."

தெல்மா ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள்.

"இருபத்தாறு வருஷம் மறைவுல நின்னு அடுத்தவங்களுக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். ஒரு தடவைகூட நீங்க என்னைப் பாத்து 'நீ மேடையில நில்லு'ன்னு சொன்னதில்ல. ஏன்?"

"நீ கேக்கலியே."

"கேக்கறவங்களுக்குக் குடுக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்."

"நல்லா பண்றியா?"

"உங்க அளவுக்கு..."

"அதைக் கேக்கல."

"நிக்காம பேசறேன்" என்றாள் பாலின். "கடைசிப் பேச்சை முழுசாப் பேசறேன்."

தெல்மா கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். வீடு இன்னும் அரை மைல் இருந்தது. பாலின் காரை அவளுக்குப் பின்னால் மெல்ல உருட்டிக்கொண்டே வந்தாள், அவள் வாசல் கதவைச் சாத்துகிற வரைக்கும்.

ஆறு மணி இருக்கும். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேஜையில் டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்தாள். பிள்ளைகளின் உச்சரிப்பைத் திருத்துவதற்காக வாங்கியது. புதுக் கேசட் போட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கமாகத் திரும்பி நின்று, கடைசிப் பேச்சை ஆரம்பத்திலிருந்து பேசினாள். விதவை தன் மகன்களிடம் ஆலையை ஏன் விற்கிறேன் என்று சொல்கிற பேச்சு. எங்கேயும் தடுமாறவில்லை. குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறியது, இறங்க வேண்டிய இடத்தில் தானாக இறங்கியது. பேசி முடித்தபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பாருங்கள், என்று யாரிடமோ சொல்ல வேண்டும்போல இருந்தது. பதினொண்ணாம், பதினொண்ணு!

பிரதியை விரித்துவைத்து, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே கேசட்டைக் கேட்டாள்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் அவள் விரல் நின்றது. குரல் போய்க்கொண்டே இருந்தது. ஆலையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து ஒன்பது நாளில் இறந்துபோன குழந்தையைப் பற்றி ஒரு பத்தி உண்டு, பதினான்கு வரி. நாடகமே அதற்காகத்தான் என்று ரஸ்ஸலிடம் அவளே வாதாடியிருக்கிறாள். அந்தப் பதினான்கு வரியும் கேசட்டில் இல்லை. மறந்து நின்றதன் மௌனம்கூட இல்லை. முந்தின வரியும் பிந்தின வரியும் தையலே தெரியாமல் ஒட்டியிருந்தன.

மறுபடி பேசினாள், மறுபடி கேட்டாள். இந்த முறை அந்தக் குழந்தை இருந்தது. கடைசி மகனின் பேர் வேறாக இருந்தது.

மறந்தது தெரிந்தால் சமாளிக்கலாம். அவளுக்கு எத்தனையோ வித்தை தெரியும். மறந்ததே தெரியாமல் போனால் என்ன செய்வது? அந்த நாற்காலியில் அவள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்தப் பதினைந்து வயதுப் பையன் ஞாபகம் வந்தான். இரண்டு நாற்காலிகள் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. போதகர் அறை ஜன்னலில் விழுந்த வெயில்கூடத் தெரிந்தது. ஆனால் அந்தப் போதகர் அறை ஜன்னல் வடக்குப் பார்த்தது. அதில் என்றைக்கும் வெயில் விழுந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எல்லோரும் கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் தரையின் நடுவில் போய் நின்றாள். நாற்காலி போட்டுக்கொள்ளவில்லை. பாலினும் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"எல்லாரும் சுத்தி நில்லுங்க. பாலின், நீயும்."

வந்து நின்றார்கள்.

"தெல்மா கார்சைடுகிட்டேருந்து இந்தப் பாத்திரத்தை எடுக்கறேன். அவளுக்கு வசனம் நிக்கல. அது அவ தப்பு இல்ல. ஆனா நிக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள நிக்கவும் நிக்காது. பாத்திரம் பாலின் கிராப்ட்ரீக்குப் போகுது." மூச்சு வாங்கினாள். "இவ்வளவுதான், ரஸ்ஸல். ஒரு நிமிஷம்கூட ஆகல. உன்னால இதைச் சொல்லியிருக்க முடியும்."

"மிஸ், உக்காருங்க" என்றான் ரஸ்ஸல். அவன் குரல் பையன் குரலாகிவிட்டிருந்தது.

"இன்னும் முடிக்கல. அறுபத்தி நாலுல உன்னை இங்கதான் நிக்க வெச்சேனா, உள்ள உக்கார வெச்சேனான்னு எனக்குத் தெரியல. இங்கதான்னா, அது தப்பு. நீ பதினஞ்சு வயசுப் பையன். எனக்கு எழுபத்தொண்ணு. எனக்கு இதைத் தாங்கத் தெரியும். தாங்கத் தெரியாதுன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. அதைத்தான் என்னால..."

அங்கே நிறுத்தினாள். வசனம் மறந்து நின்றாளா, வேண்டுமென்றே நின்றாளா என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. பெவர்லியின் கை பென்சிலைத் தேடிப் போனதைப் பார்த்தேன்.

பிறகு தெல்மா ஷூவைப் போட்டுக்கொண்டாள். சேப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. பாத்திரம் கை மாறினால், விட்டுக்கொடுப்பவர் வாங்குபவருக்கு ஒரு குறிப்பு சொல்லிவிட்டுத்தான் போவார். இந்தக் கதவு இழுத்தால் திறக்காது, தள்ளு. அந்த வரியில் மூச்சை மிச்சம் வைத்துக்கொள். அந்த மாதிரி சின்னதாக ஏதாவது. தெல்மா கொண்டுவந்த வழக்கம்தான். பாலின் வாசல்வரைக்கும் போய், கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அவள் எதிரில் நின்றாள்.

"எனக்கு ஏதாவது சொல்லுங்க, தெல்மா."

தெல்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"உனக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல" என்றாள். "சாவியைக் குடு."

பாலின் தன் கொத்திலிருந்து அந்த வீட்டுச் சாவியைக் கழற்ற முயன்றாள். வளையம் இறுகிப்போயிருந்தது, நகம் உடைந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. கழற்றிக் கொடுத்ததும் தெல்மா அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, தூறலில் பஸ் நிறுத்தத்துக்கு இறங்கிப் போனாள்.

நாடகம் வெள்ளிக்கிழமை நடந்தது. மூன்று வாரம் ஓடியது. பாலின் நன்றாக நடித்தாள், உள்ளூர்ப் பத்திரிகை பாராட்டியது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு நாடகம் நடித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஓய்வு பெற்றதும் கடலோர ஊரான விட்பிக்குக் குடிபோனாள். போகும்முன் நாலு தடவை தெல்மா வீட்டுக் கதவைத் தட்டினாள். நாலு தடவையும் தெல்மா உள்ளே கூப்பிட்டு, டீ கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி அனுப்பினாள். ரஸ்ஸல் லண்டனுக்குத் திரும்பினான். வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினான். அவற்றுக்கு அவள் பதில் எழுதியதில்லை. பெவர்லியோடும் என்னோடும்தான் தெல்மா பேச்சு வைத்துக்கொண்டாள். பெவர்லி இப்போது லீட்ஸில் பெரிய அரங்கம் ஒன்றில் மேடை நிர்வாகி. தெல்மா பிறகு யாருக்கும் பயிற்சி கொடுக்கவில்லை, சேப்பலுக்கும் வரவில்லை. அது 1992இல் தரைவிரிப்புக் கடையானது. அவள் 1998 பிப்ரவரியில், முதியோர் இல்லத்தில், எண்பத்திரண்டாவது வயதில் இறந்தாள். அடக்கத்துக்கு நாங்கள் ஒன்பது பேர் போயிருந்தோம். ரஸ்ஸல் வந்திருந்தான். பாலின் மலர்வளையம் மட்டும் அனுப்பியிருந்தாள்.